பச்சைக் காரும் என் வயிற்றெரிச்சலும்

என் கணவருடைய தம்பி கார் வாங்கிய செய்தியை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காரே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றது. நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஹார்ன் சத்தம் கேட்டு, தோட்டத்துத் துரைதான் வந்துவிட்டாரோ என்று ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஓடிவந்தேன். முன் இருக்கையிலிருந்து என் ஓரகத்தி இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கொழுந்தன் கதவைச் சாத்தினார்.

நான் முதலில் பார்த்தது காரை அல்ல, அவள் புடவையை. அவர்கள் இருக்கும் கினிகத்தேனையிலிருந்து எங்கள் பொகவந்தலாவைக்கு மூன்று பஸ் மாறி வருகிற எவளுக்கும் புடவை கசங்கியிருக்கும். தலைமுடி கலைந்து, கையில் பாதி உறிஞ்சிய எலுமிச்சம்பழம் இருக்கும். எனக்கு எப்போதும் அப்படித்தான். அவள் புடவையில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

"அக்கா, வாங்களேன், பஜார் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றாள்.

"அடுப்புல வேல கெடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏறிக்கொண்டு போனார்கள். என் கணவரும் போனார். அவர்கள் திரும்பி வரும்வரை சமையலறையில் நின்றுகொண்டு, ஏற்கனவே கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன்.

இதைச் சொல்லும்போது எங்கள் இரண்டு குடும்பங்களின் நிலைமையையும் சொல்ல வேண்டும். என் கணவர் மூத்தவர். தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கர். கொழுந்து வாட்டுவதிலிருந்து தூள் பெட்டியில் ஏறும்வரை அவர் பொறுப்பு. மாதச் சம்பளமும் கம்பனி வீடும் உண்டு. தம்பி படிப்பை விட்டுவிட்டு, கினிகத்தேனையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டுக்கொண்டவர். அவருக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்தபோது வாசலில் ஆரத்தி எடுத்தவள் நான்தான். எனக்கு நான்கு வருஷம் இளையவள். அரைத்த மிளகாயின் காரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பெண். அவள் இப்போது காரில் வந்து இறங்குகிறாள், என்னை ரவுண்டு கூட்டிப் போகிறேன் என்கிறாள்.

அந்த வருஷங்களில் வெள்ளைத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அறுபதுகளின் தொடக்கம். புதுக் கார்கள் நாட்டுக்குள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. போகிற துரை எதை விற்றாலும் வாங்க ஆள் இருந்தது. பியானோ விற்றார்கள், நாய்க்கூண்டு விற்றார்கள். பக்கத்துத் தோட்டத்து உதவித் துரை, நாங்கள் சொல்கிற சின்னத்துரை, தன் பழைய காரை விற்கப்போவதாக என் கணவர் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னார். சும்மா ஒரு செய்தியாகத்தான் சொன்னார். சோறு போட்டுக்கொண்டிருந்த என் கை நின்றது.

"நாம வாங்குவோம்" என்றேன்.

"நாமளா? அது நம்ம கல்யாணத்துக்கு முன்ன வந்த கார். பதினாலு பதினஞ்சு வருசம் இருக்கும்."

"ஒங்க தம்பி வாங்கினது மட்டும் நேத்தா வந்துச்சு?"

அவர் எப்போதோ தொழிற்சாலை லொறியில் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். ஆசை இல்லாமலா எடுத்தார் என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

செய்தி எப்படியோ கினிகத்தேனைக்கும் போய்விட்டது. கொழுந்தன் ஒரு நாள் பஸ்ஸில் வந்தார். கார் எங்கே என்று கேட்டேன். வேலைக்கு விட்டிருக்கிறது என்றார். எங்கள் முன்னறையில் உட்கார்ந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அண்ணே, அவசரப்படாதீங்க. பழைய காரு. எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் பாஸ் ஒருத்தர் ஹட்டன்ல இருக்காரு. நான் கூட்டிட்டு வந்து காட்டுறேன். அவரு கீழ படுத்துப் பாத்துட்டு சரின்னு சொன்னா வாங்குங்க."

என் கணவர் தலையாட்டினார். தம்பி போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை.

"பாத்தீங்களா? நமக்கும் கார் வந்துருமேன்னு அவங்களுக்கு வயித்தெரிச்சல். பாஸைக் கூட்டிட்டு வந்து அது நொட்ட இது நொள்ளன்னு சொல்ல வைப்பாரு. அதுக்குள்ள பெரிய கிளாக்கர் வாங்கிட்டுப் போயிருவாரு."

தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் கார் வாங்க நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தில் வாயில் வந்த பொய் அது. ஆனால் வேலை செய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காரைப் பார்க்கப் போனோம். பாஸ் யாரும் கூட வரவில்லை.

கார் பங்களாவுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கரும்பச்சை. அந்தப் பச்சையில் என் முகம் தெரிந்தது. பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. சின்னத்துரை அரைகுறைத் தமிழில், "நல்ல வண்டி, நல்ல வண்டி" என்றார். என் கணவர் பொனட்டைத் திறந்து இஞ்சினைப் பார்த்தார், ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார், டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். இயந்திரச் சத்தம் அவருக்குத் தெரியும். தொழிற்சாலையில் இருபது வருஷம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தகரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் மறுபக்கம் நின்றேன். பின்கதவின் கீழ் விளிம்பில், மஞ்சாடி விதை அளவுக்குப் பெயிண்ட் சற்று உப்பியிருந்தது. நெருப்புச் சுட்ட இடத்தில் வருகிற கொப்புளம் மாதிரி. குனிந்து விரல் நகத்தால் அழுத்தினேன். மெல்லிய சத்தத்துடன் உடைந்தது. உள்ளே தகரம் இல்லை. ஈரமான செங்கல் தூள் மாதிரி ஏதோ என் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது. சுண்டுவிரல் நுனி உள்ளே போகிற அளவுக்கு ஒரு துவாரம்.

அப்போது என் கணவர் காரைச் சுற்றி என் பக்கம் வந்தார். நான் நிமிர்ந்து, அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். புடவை முந்தானை அதன்மேல் விழும்படி நின்றேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கண்ணாடி மாதிரி இருக்குங்க" என்றேன்.

அன்றே பேசி முடித்தார்கள். சேமிப்பில் இருந்ததில் பெரும்பகுதி போயிற்று.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. கால் ராத்தல் மல்லி வாங்கப் பொகவந்தலாவை பஜாருக்குக் காரில் போனேன். கோயிலுக்குப் போனேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பஸ் நிற்கும் இடங்களைக் கடக்கும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், தெரிந்தவர்கள் பார்க்கட்டும் என்று. ஆனால் பார்க்க வேண்டியவள் இன்னும் பார்க்கவில்லை. அவள் வீட்டு வாசலில் போய் இறங்க ஒரு நல்ல காரணத்துக்காகக் காத்திருந்தேன்.

காரணம் வந்தது. அவள் மூத்த மகள் பெரியவளானாள். சடங்குக்கு நாள் குறித்துச் சொல்லி அனுப்பினார்கள். தாய்மாமன் வீட்டார்தான் முதலில் சீர் வைக்க வேண்டும், நாங்கள் பெரியப்பா வீடு. இருந்தாலும் இரண்டு தட்டு அதிகமாகவே எடுத்துக்கொண்டேன். அரக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் பின்னால் தட்டுகளோடு.

ஹட்டன் தாண்டும்போது மழை பிடித்தது. வட்டவளைப் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ரோட்டில் செம்மண் தண்ணீர் வாய்க்காலாக ஓடியது. முதலில் என் பாதம் ஜில்லென்றது. கீழே பார்த்தேன். கால் மிதிக்கும் இடத்தில் போட்டிருந்த கயிற்றுப் பாய் நனைந்து கறுத்திருந்தது. ஒரு வளைவில் அவர் சட்டென்று பிரேக் பிடித்தார். நான் முன்னால் சாய்ந்து வலது காலை ஊன்றினேன். கால் ஊன்றவில்லை. பாயோடு சேர்ந்து கீழே இறங்கியது. கணுக்கால்வரை வெளியே போய்விட்டது. செருப்பு ரோட்டில் விழுந்தது.

"நிப்பாட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். கத்தினேன் என்று பிள்ளைகள் பிற்பாடு சொன்னார்கள்.

காலில் நீளமாக ஒரு கீறல். தகரம் பிஸ்கட் மாதிரி உடைந்திருந்தது. ரோட்டோரத்தில் கடை வைத்திருந்த ஒரு சிங்களவர் குடையோடு இறங்கி வந்து பார்த்தார். உள்ளே போய், பழைய தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்றை எடுத்துவந்து ஓட்டைமேல் போட்டு, தன் காலால் மிதித்துச் சரிபார்த்தார். "தென் ஹரி, நோனா" என்றார். இனிச் சரி, அம்மா என்று அர்த்தம். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பலகைமேல் காலை வைத்துக்கொண்டு, சேற்றில் ஊறிய பட்டுக் கரையோடு, ஒற்றைச் செருப்போடு நான் என் ஓரகத்தி வீட்டு வாசலில் இறங்கினேன். அவர்கள் கார் அங்கே நிற்கிறதா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காலைக் கழுவி, மஞ்சள் வைத்துத் துணி சுற்றி, அவளுடைய பட்டு ஒன்றை எடுத்துத் தந்தாள். என்னுடையதைவிட நல்ல பட்டு. அதைக் கட்டிக்கொண்டு சபையில் உட்கார்ந்திருந்தபோது நெருப்பு மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவள் கேலி செய்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் கொழுந்தன் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "அண்ணே, போற வழியில ஹட்டன் பாஸ் நானாகிட்டக் காட்டிட்டுப் போங்க. நானும் வாறேன்" என்றார். முன்னே சொன்னேன் பார்த்தீர்களா என்கிற பார்வைகூட இல்லை.

ஹட்டனில் கராஜ் வைத்திருந்த அந்த பாஸ் ஐம்பது வயசுக்கார முஸ்லிம்; நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வெள்ளைத் தொப்பியில் கிரீஸ் விரல் அடையாளங்கள். ஸ்குரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பிடியால் காரைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். சில இடங்களில் டங் என்றது. பல இடங்களில் தொப் என்றது.

"சத்தம் கேக்குதா ஐயா? இது தகரம் இல்ல. பட்டி. மேல பெயிண்டு" என்றார்.

கதவுக்குக் கீழே, காரின் நீளத்துக்கு ஓடுகிற குழாய் போன்ற பகுதியில் ஸ்குரூ டிரைவரைக் குத்தினார். பிடிவரை உள்ளே போயிற்று. ஒரு கொக்கியை விட்டு இழுத்தார். ஈரச் சாக்குத் துண்டு வந்தது. அதற்குப் பின்னால் கசங்கிய இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. அந்த ஓட்டைகளில் சாக்கையும் தாளையும் அடைத்து, மேலே பட்டி பூசி, தார் தடவி, பச்சை அடித்திருக்கிறார்கள்.

"கதவுக்கு அடியில மழத் தண்ணி வடியுறதுக்குச் சின்ன ஓட்டை வச்சிருப்பான். அதுல எலையும் மண்ணும் அடைச்சிக்கிட்டா தண்ணி உள்ளயே நிக்கும். இந்த ஊருக் குளிருக்கு அது காயவே காயாது. துரு உள்ளுக்கு இருந்துதான் தின்னுக்கிட்டு வரும். வெளிய தெரியுறப்ப உள்ள ஒண்ணும் இருக்காது."

"எவ்வளவு ஆகும் நானா?" என்று என் கணவர் கேட்டார்.

"இப்ப சொன்னா பொய் சொன்ன மாதிரி. வெட்டிப் பாத்தாத்தான் தெரியும். முந்நூறுன்னு வச்சிக்கங்க. அதுக்கு மேல போனா என்னயக் கோவிக்கக் கூடாது."

"நான் நல்லாத்தான் பாத்தேன். ஒண்ணுமே தெரியல."

நானா தலையை ஆட்டினார். "எங்கயாச்சும் ஒரு கொப்புளமாச்சும் இருந்திருக்கணுமே. எவ்வளவு பெயிண்டு அடிச்சாலும் ரெண்டு கெழமயில கொப்புளம் போடுமே ஐயா."

"இல்ல நானா. ஒண்ணும் இல்ல" என்றார் என் கணவர்.

நான் காரின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தோம். முந்நூறு இரண்டாவது கிழமையில் ஐந்நூறு ஆயிற்று. தரையை வெட்டியதும் அதைத் தாங்கும் சட்டமும் போயிருந்தது. சட்டத்தை ஒட்டவைக்கப் பார்த்தால் நெருப்புப் பட்ட இடமெல்லாம் சுருண்டு உதிர்ந்தது. பின்சக்கரத்துக்கு மேலே மட்காட் உள்பக்கம் சல்லடை. நானா ஒயில் ட்ரம் தகரத்தை வெட்டி வளைத்துத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வரும்போது முகம் இன்னும் கொஞ்சம் சிறுத்திருக்கும். எண்ணூறு தாண்டிய சனிக்கிழமை, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அந்த சின்னத்துரைக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கொப்புளத்தைச் சொன்னேன், நகத்தால் குத்தியதைச் சொன்னேன், முந்தானையைச் சொன்னேன். பெரிய கிளாக்கர் விஷயம் பொய் என்பதையும் சொன்னேன்.

அவர் போய்க் கையைக் கழுவினார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டபோதுதான் வாயைத் திறந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா வெலயக் கொறச்சுக் கேட்டிருப்பேன். வாங்காம வந்திருக்க மாட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"அவன் காரோட்டிட்டு வந்து நம்ம வாசல்ல நிப்பாட்டுனான்ல, அன்னைக்கி எனக்கும் சோறு எறங்கல. நான் மூத்தவன். நீ சொன்ன, நான் சொல்லல. அவ்வளவுதான் வித்தியாசம்."

எனக்கு அழுகை வந்தது. ஆறுதலில் வந்ததா வெட்கத்தில் வந்ததா தெரியாது.

ஆனால் நானாவுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். சீட்டை எடுத்தோம், அது போதவில்லை. கார் கராஜில் தூசி படிந்து நின்றது. அப்போதுதான் என் ஓரகத்தி வந்தாள். ஒரு வாரநாள் பகலில், தனியாக, பஸ்ஸில். மழைக்கோட்டுக்குள் புடவை கசங்கி, முகம் வெளுத்து, வாசற்படியில் ஏறியதும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். அவளுக்கும் பஸ்ஸில் குமட்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் மடியில் வைத்தாள். "இது என்னோட பணம் அக்கா. கடைப் பணம் இல்ல. மெதுவாத் தாங்க."

நான் அதைத் தொடவில்லை. "ஒங்க கார் எங்க?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வித்தாச்சு. போன மாசமே. வாங்குனதுலருந்து அது பாதி நாளு நானா கராஜ்லதான் நின்னுச்சு. ஒங்க வீட்டுக்கு வந்தோமே, அடுத்த வாரமே கதவு கழண்டு கையோட வந்துருச்சு. ஒங்க காருக்கு நடந்த மாதிரியேதான், சாக்கு, தாளு எல்லாம். இவரு கடைக்கிச் சரக்கு எடுக்க வச்சிருந்த பணமெல்லாம் அதுக்குத்தான் போச்சு. அதனாலதான் அன்னைக்கி வந்து, பாஸைக் காட்டி வாங்குங்கன்னு அவ்வளவு சொன்னாரு."

எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து எழுத விரும்பவில்லை. அவர்கள் காரும் ஓட்டை. அவள் இறங்கி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் அது ஓட்டைதான். அதன் பிறகுதான், அவள் வெளுத்த முகத்தைப் பார்த்த பிறகுதான், மற்றதெல்லாம் வந்தது.

"அப்பவே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ஒங்ககிட்டயா?" அவள் லேசாகச் சிரித்தாள். "நீங்க அன்னைக்கிக் கார்ல ஏறவே இல்ல. தொட்டுக்கூடப் பாக்கல. ஒங்ககிட்ட வந்து அது பூரா ஓட்டைன்னு எப்படிச் சொல்றது அக்கா?"

அவளுக்குச் சோறு போட்டேன். சாயங்கால பஸ்ஸுக்குப் பஜார்வரை கூடவே நடந்துபோய் ஏற்றிவிட்டேன். கையில் எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்தேன்.

கார் இரண்டரை மாதத்தில் வெளியே வந்தது. வாங்கிய விலையில் பாதிக்கு மேல் துருவுக்கே போயிருந்தது. நானா அதே பச்சைக்கு எவ்வளவோ முயன்றும் நிறம் சேரவில்லை. கீழ்ப்பாதி ஒரு பச்சை, மேல்பாதி ஒரு பச்சை. தோட்டத்தில் அதற்கு, கரைபோட்ட கார் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கார் மூன்று வருஷம் ஒழுங்காக ஓடியது. ஓரகத்தியின் பணத்தை ஒரு வருஷத்தில் கொடுத்து முடித்தோம். என் கணவருக்கு அக்கரப்பத்தனைப் பக்கம் மாற்றல் வந்தபோது, தலவாக்கலையில் வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவருக்கு அதை விற்றோம். எந்தெந்த இடத்தில் ட்ரம் தகரம் வைத்திருக்கிறது என்று என் கணவர் அவரைக் குனியவைத்துக் காட்டினார். விலை குறைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நானும் ஓரகத்தியும் உடன்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நெருக்கமானோம், உண்மைதான். ஆனால் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் இந்த நாட்டுப் பிரஜை ஆவதற்கு மனுப் போட்டுக் காத்திருந்த காலம் அது. கொழுந்தனுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. அதே தாய் தகப்பனுக்குப் பிறந்த என் கணவருடைய மனு எந்த அரசாங்கக் கந்தோர் மேசையில் கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பத்திரம் கையில் இருந்ததால் அவர்களால் காணி வாங்க முடிந்தது. கினிகத்தேனையில் மேட்டில் ஒரு வீடு கட்டினார்கள். குடிபுகும் நாளன்று அக்கரப்பத்தனையிலிருந்து விடியவே புறப்பட்டு, பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். அவள் வாசலுக்கு ஓடிவந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். "அக்கா வந்தாத்தான் பால் காச்சணும்னு காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

பால் பொங்கும்வரை நான் அவளோடு அடுப்படியில் நின்றேன். பிறகு, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, வீட்டைச் சுற்றி ஒரு தடவை தனியாக எண்ணிக்கொண்டே நடந்து வந்தேன். பன்னிரண்டு ஜன்னல்கள்.